விழுங்கக் கூடாது

முதலில் மெல்லுங்கள், என்றாள் மருந்துக் கடைக்காரி.
மிளகுக் காரம் ஏறியதும் நிறுத்துங்கள்.
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே
ஒதுக்கி வையுங்கள்.
காரம் அடங்கினால் மறுபடி.
அரை மணி நேரம்.
விழுங்கக் கூடாது.

யாரிடம் சொல்கிறாய், பெண்ணே.
ஐம்பத்து மூன்று வருஷமாகச்
சொல்ல வந்ததை மென்று விழுங்கியே
காலம் தள்ளியவள் நான்.
மாமியாரிடம், முதலாளியிடம்,
பணம் காகிதமாகிப்போன அந்தக் குளிர்காலத்தில்
ரொட்டி வரிசையில் முந்தியவனிடம்,
பிறகு மிலுட்டின் இரண்டு பெட்டிகளோடு
படியிறங்கியபோது.
ஒவ்வொரு முறையும் ஒன்று பற்றவைத்தேன்.
புகை விடும் வாயிடம்
யாரும் பதில் கேட்பதில்லை.

பல்செட் செய்யும் கூடத்தில் வேலை.
நாள் முழுக்க அடுத்தவர் தாடைகள்,
சிவப்பு மெழுகில் அவர்கள் கடித்துக் கொடுத்த தடங்கள்.
தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்:
இவர் தூக்கத்தில் சண்டை போடுபவர்,
இந்த அம்மாள் எதையும் முழுசாய்க் கடித்ததே இல்லை.
முதல் வாரம் ஒரு நாள்
நான் துப்பிய கம்மை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
இடது கடைவாயில்தான் அத்தனை பள்ளமும்.
அங்கேயா இருந்தது கோபம்!
நெஞ்சில் என்று நினைத்து
இரண்டு முறை படம் எடுத்தார்கள்.

காப்பி குடித்துக் கால் மணிக்குள் மெல்லக் கூடாதாம்.
மெல்லும்போது காப்பியும் கூடாதாம்.
செம்புக் குடுவை அடுப்பில் தனியே நுரைத்து
தனியே ஆறுகிறது.
ரத்தான கல்யாணம்போல்
ஒரே சமையலறையில் அதுவும் நானும்.

காலை ஐந்தரைக்கு இன்னும் பால்கனிக்குப் போகிறேன்.
கால் போகிறது, பின்னால் நான்.
கொஷாவா காற்று
மறந்துபோன ஒரு தலையணை உறையை
அறைந்துகொண்டிருக்கும்.
எதிர்க் கட்டிடம், ஆறாவது மாடி,
ஒரு சிவப்புப் புள்ளி.
பதினோரு வருஷப் பழக்கம்.
அது உயரும். என்னுடையது உயரும்.
அவ்வளவுதான் வணக்கம், நலம் விசாரிப்பு, வானிலை.
பெல்கிரேடின் இந்தக் கான்கிரீட் காட்டில்
வேறு யாரும் என்னை
அத்தனை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

நிறுத்திய மறுநாள் புள்ளி உயர்ந்தது.
நான் வெறுங்கையை உயர்த்தினேன்.
இருட்டில் கை எப்படித் தெரியும்?
மறுபடி உயர்ந்தது. காத்திருந்தது.
மூன்றாம் முறை, பாதி உயரத்திலேயே நின்று
இறங்கிவிட்டது.
ஒரு நாளைக்கு இருபத்தெட்டை விட்டதில்
இந்த ஒன்றுதான் வலித்தது.
லைட்டரை மட்டும் எடுத்துப் போகலாமா?
யோசித்தேன். எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள்
பஸ்ஸுக்கு நேரமாச்சென்று வேகமாய் மென்றதில்
விக்கல்.
அட்டையிலேயே எச்சரித்திருக்கிறான்.
ஒன்று, இரண்டு, ஏழு. முற்றம் முழுக்க எதிரொலி.
கீழே ஒரு நாய் பதில் சொல்லத் தொடங்கியது.

எதிரிலிருந்து கரகரத்த குரல்,
பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தை:
"யாரம்மா உன்னை நினைக்கிறது, இந்நேரத்துக்கு?"

கம்மைக் கன்னத்தில் ஒதுக்கினேன்.
மென்று விழுங்கும் பழைய வித்தை
தொண்டை வரை வந்து நின்றது.
"உன் கையில் எரியுதே, அதுதான்!"

யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
புள்ளி அசையவில்லை.
பிறகு சிரிப்பு, சிரிப்புக்குள் இருமல்,
இருமலைத் தாண்டி மிச்சச் சிரிப்பு.
"அட, நீ சாகலையா?
ஞாயிற்றுக்கிழமை கோயிலில்
உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேனே."
"எந்தத் தட்டில்?"
"கீழ்த்தட்டில். போனவர்களுக்கானது."
"மேலே மாற்று."
"பெயர் சொன்னால் நல்லது.
போன தடவை பெயரில்லாமல்தான் வைத்தேன்."

மறுபடி ஒரு விக்கல்.
அது முடியக் காத்திருந்து
"விதோசவா" என்றேன்.
காற்று பாதியைக் கொண்டுபோயிருக்கும்.
இன்னொரு முறை கத்தினேன்.

கன்னத்தில் காரம் அடங்கியிருந்தது.
மெதுவாக,
வலது பக்கத்துக்கு மாற்றி,
மெல்லத் தொடங்கினேன்.